துடைப்பத்துக்கும் ஒரு மானியக் கோரிக்கை

தமிழ்நாடு சட்டப்பேரவையின் மாண்புமிகு உறுப்பினர்கள் 234 பேருக்கும்,

வணக்கம். பள்ளிக்கல்விக்கு ஒன்றிய அரசும் மாநிலமும் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில், ஒன்றிய நிதி நின்ற கதை உங்களுக்குத் தெரியும். மாநிலம் கையெழுத்திட மறுத்த பி.எம். ஸ்ரீ (ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம்) ஒப்பந்தம், மும்மொழிச் சிக்கல், 2024-25-க்கு வராமல்போன ஒன்றியப் பங்கு ரூ.2,152 கோடி, எல்லாமே அவையில் பேசித் தீர்ந்தவை. மாநிலத்தின் சொந்த நிதியிலிருந்தே செலவிடுவதாக 2025 மார்ச் 14 பட்ஜெட் உரை சொன்னது. நல்ல முடிவு. அந்தப் பணம் எந்தத் தேதியில் பள்ளிக்கு வரும் என்பதுதான் எங்கள் கேள்வி.

இதே திட்டத்தில் பள்ளியின் அன்றாடச் செலவுக்கு வரும் பள்ளி மானியத்தையே பாருங்கள். முப்பது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.10,000. மாதம் 833 ரூபாய். (முப்பத்தோராவது பிள்ளை சேர்ந்தால் ரூ.25,000. தலைமை ஆசிரியர் ஏன் வீடு வீடாக அலைகிறார் என்பது இதில் பாதி புரியும்.) இதில் பத்து சதவீதமாவது தூய்மைக்கு என்பது விதி, அந்தக் கணக்கில் கழிவறைக்கு மாதம் 84 ரூபாய்கூடத் தேறாது. பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம், வாளி எல்லாம் அதற்குள். மீதியில் சாக்பீஸ், பதிவேடு, எரியாத டியூப்லைட், ஒழுகும் குழாய்க்கு வாஷர்.

செலவு ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது. மானியமோ தவணையாகப் பிரிந்து, அரையாண்டுத் தேர்வு தாண்டியும் இழுக்கும். அதுவரை தலைமை ஆசிரியரின் சம்பளம்தான் அரசுக்கு முன்பணம். பணம் வந்தபிறகு எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தீர்மானம், பில், இணையவழிப் பட்டுவாடா; மார்ச் 31-க்குள் முடியாத தொகை திரும்பிப் போய்விடும். ஜூலையில் கைக்காசு போட்டு வாங்கிய வாளிக்குக் கடைக்காரர் பிப்ரவரித் தேதியில் பில் போட்டுத் தந்தால் அது பொய்க் கணக்கு. தராவிட்டால் காசு போனது போனதுதான். நேர்மையானவருக்கே நட்டம் வரும்படி ஓர் ஏற்பாடு!

பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியமும் இதே திட்டத்தில்தான் தொங்குகிறது. அதை அவர்களே சொல்லி ஓய்ந்துவிட்டார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பள்ளி மானியம் முழுவதும் ஜூன் மாதத்துக்குள், ஒரே தவணையில். டெல்லி பணம் வந்தாலும் வராவிட்டாலும் மாநிலம் முதலில் கொடுக்கட்டும், வந்தபிறகு நேர்செய்துகொள்ளலாம். பட்ஜெட்டில் விட்டுப்போனால் அரசியல் சட்டத்தின் 205-வது பிரிவுப்படி துணை மதிப்பீடு (கூடுதல் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது) கொண்டுவர வழி இருக்கிறதே. தொகுதி மேம்பாட்டு நிதியில் வகுப்பறை கட்டினால் கல்வெட்டில் உங்கள் பெயர் வருகிறது. துடைப்பத்தில் பெயர் பொறிக்க இடமில்லை என்பதாலா இத்தனை தாமதம்?

சொல் கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை, எண் 43, அடுத்த முறை அவைக்கு வரும்போது, ‘ஜூனுக்குள், முழுத் தொகை’ என்று உங்களில் ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும் எனப் பணிவோடு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளிகளில் மானியக் கணக்கு எழுதுவோர்