ஜீப்பில் வயர்லெஸ் செட்: கேட்டதற்குப் பதில்

நாகர்கோவில்,
ஐப்பசி 5.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. கும்பப்பூ நடவு ஒருவழியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழை இன்னும் வலுக்கவில்லை, சாயங்காலம் இடி மட்டும் மலைப்பக்கம் உருண்டுகொண்டிருக்கிறது.

இனி காரியத்துக்கு வருகிறேன். ஹாம் ரேடியோ உரிமமும் அழைப்புக்குறியும் கைக்கு வந்துவிட்டது, வாங்கின பழைய டீசல் ஜீப்பில் 50 வாட் வி.எச்.எஃப். வயர்லெஸ் செட்டைப் பொருத்தணும், சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது. அந்தச் செட் பேசும்போது ஏறக்குறைய 12 ஆம்பியர் இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர்தான். அதற்குப் போகிற வயரோ அதைவிட மெலிசு. உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிற தொடுப்பு, மண் ரோட்டில் நாலு குலுக்கலில் தளர்ந்து சூடாகும். நீ மைக் பட்டனை அமுக்கியதும் வோல்ட் விழும், செட் அணைந்து மறுபடி எரியும். கேட்கிறவனுக்கு உன் குரல் துண்டு துண்டாகத்தான் போகும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது நம்ம மாவட்டத்தில் மின்கம்பம் சாய்ந்து, செல்போன் டவர் ஓய்ந்து கிடந்த நாட்களை நீயும் பார்த்தவன்தானே. அப்படி ஒரு நேரத்துக்காக வைக்கிற செட் பாதி வேலை செய்தால் என்ன பிரயோசனம்?

அதனால் பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழு. எந்தத் தடிமன் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். பேட்டரியிலிருந்து செட் வரை 4 மீட்டர் என்று வை. போக வர 8 மீட்டர். 12 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ஸ்கொயரில் 0.45 வோல்ட், 6 ஸ்கொயரில் 0.3. என் தீர்ப்பு, 4-க்குக் குறையாதே. 6 கிடைத்தால் அதையே போடு. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. செப்பு முலாம் பூசின அலுமினிய வயரைச் செப்பு வயர் என்றே கடையில் நீட்டுவார்கள். அதன் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல், லக்கில், அதாவது போல்ட்டில் மாட்ட வயர் நுனியில் போடுகிற உலோக வளையத்தில், அமுக்கினால் நாளடைவில் தளரும். வாங்கும் முன் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பார். வெளியே சிவப்பும் உள்ளே வெள்ளையும் என்றால் அது அலுமினியம், திருப்பிக் கொடு. வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசின செப்பு. உன் வீடு கடலுக்கு அரை மைல்தானே, உனக்கு அதுதான் ஏற்றது. வெறும் செப்பு உப்புக்காற்றில் இன்சுலேஷனுக்குள்ளேயே பச்சை பிடித்துப் போகும்.

ஃபியூஸை பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் வை. ஃபியூஸ் செட்டைக் காப்பாற்ற என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது முதலில் வயரைக் காப்பாற்ற. வயர் தகரத்தில் உரசித் தோல் போனால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வழியே கொட்டும். ஃபியூஸ் செட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதற்கு முந்தின வயர் முழுக்க நெருப்புக்குத் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். செட்டோடு வந்த கேபிளில் ஃபியூஸ் நடுவே இருக்கிறதா என்று பார், இருந்தால் இடத்தை மாற்று. செட்டின் கையேட்டில் சொன்ன அளவையே போடு, 15 அல்லது 20 ஆம்பியர் இருக்கும். அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாராவது 30 போடச் சொன்னால் கேட்காதே. போவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஹோல்டர் மூடியுள்ள, தண்ணீர் புகாத வகையாக இருக்கட்டும்.

மைனஸ் வயரை எங்கே கட்டுவது என்று நீ ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டிய காரியம் இது, பொறுமையாகக் கேட்டியா. உன் ஜீப்பில் பேட்டரி மைனஸிலிருந்து ஒரு தடித்த கேபிள் என்ஜினுக்கும், இன்னொன்று பாடிக்கும் போகும். செட்டின் மைனஸை நேரே பேட்டரி முனையில் கட்டினாய் என்று வை. செட்டின் உலோகக்கூடு, ஆன்டெனா கேபிளின் மேல்வலை, கூரையில் உள்ள மவுன்ட் எல்லாம் பாடியோடு சேர்ந்தவை. ஆக, பாடிக்கும் பேட்டரிக்கும் நடுவே உன் செட் வழியாக ஒரு கள்ளப்பாதை உண்டாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கும்வரை தெரியாது. நம்ம ஊர் உப்பில் அந்தத் தடித்த எர்த் கேபிளின் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போன அன்றைக்கு, செல்ஃப் அடித்ததும் அந்த ஆம்பியர் முழுக்க உன் மெலிசான மைனஸ் வயர் வழியே திரும்பப் பார்க்கும். வயர் உருகும், ஆன்டெனா கேபிள் கருகும், செட்டும் போய்ச் சேரும். அதற்காகத்தான் பேட்டரி முனையில் கட்டுகிறவர்கள் மைனஸிலும் ஒரு ஃபியூஸ் போடுகிறார்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் எந்த போல்ட்டில் வந்து சேர்கிறதோ, அதே போல்ட்டில் செட்டின் மைனஸை வை. அப்போது கள்ளப்பாதையே கிடையாது. பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகரம் தெரியவிடு, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கு, மேலே வாஸ்லின் தடவு. அந்த எர்த் கேபிளையும் கழற்றிச் சுத்தம் பண்ணு. பழைய வண்டியில் பாதி மின்கோளாறு அங்கேதான் குடியிருக்கும். உன் மகனின் புது காரில் போடுவதாக இருந்தாலும் இதுவே வழி. அவற்றில் பேட்டரி மைனஸ் முனையிலேயே ஒரு சின்ன சென்சார் இருக்கும். அதைத் தாண்டி முனையில் நேரே கட்டினால் செட் இழுக்கிற கரண்ட் அதன் கணக்கில் வராது, சார்ஜ் கணக்கு பிசகும்.

லக்கை வயரோடு இறுக அமுக்குகிற நல்ல கிரிம்பிங் கருவியால் அமுக்கு. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. வெறும் சால்டரை நம்பி விடாதே. ஈயம் இழைக்குள் ஊறி விறைத்துப்போன இடத்தில்தான் அதிர்வில் வயர் முறியும். மேலே பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டு. கேபினுக்குள் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் புஷ் கட்டாயம். நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்று, மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ரெண்டு பருவமழையும் வாங்குகிற ஊர் நம்முடையது. பிளஸையும் மைனஸையும் முறுக்கிச் சேர்த்தே கொண்டுபோ, சைலன்சர் பக்கம் போகாதே. மகனின் காரில் மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்களைத் தொடவே கூடாது.

சாவியோடு அணையும்படி வேண்டுமென்றால் 40 ஆம்பியர் ரிலே ஒன்று போடு, சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. அதன் கால்களில் எண் போட்டிருக்கும். 30-இல் பேட்டரியிலிருந்து வரும் பிளஸ், 87-இல் செட், 86-இல் சாவி போட்டால் வரும் கரண்ட், 85-இல் எர்த். உள்ளே டையோடு (கரண்டை ஒருபக்கம் மட்டும் விடுகிற உறுப்பு) உள்ள ரிலே என்றால் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக்கூடாது. ஆனாலும் உனக்கு ரிலே வேண்டாம் என்பேன். புயல்நாளில் என்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கணும். கேட்கும்போது செட் அரை ஆம்பியர்தான் எடுக்கும். ராத்திரி முழுக்க 12 மணி நேரம் வைத்தாலும் 6 ஆம்பியர்-அவர், 60 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது பாரமில்லை. பேசும்போது மட்டும் என்ஜினை ஓடவிடு.

ஆன்டெனா கூரை நடுவில் நிற்கட்டும். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 51.7 சென்டிமீட்டர், கம்பியை 52-இல் தொடங்கி மூன்று மில்லிமீட்டராக நறுக்கு, 49, 50-க்குள் சரியாகும். எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புவதைக் காட்டுகிற எண், 144 பக்கம் குறைவாகவும் 146 பக்கம் கூடுதலாகவும் இருந்தால் கம்பி இன்னும் நீளம் என்று அர்த்தம். 1.5-க்குள் வந்தால் நிறுத்து. காந்த மவுன்ட் வைத்தால் வாரம் ஒருமுறை தூக்கித் துடை, அடியில் உப்புமணல் சிக்கிப் பெயின்டை அரித்துவிடும். மலை மறைத்தால் எத்தனை வாட்டும் உதவாது. பேச்சிப்பாறை பக்கம் இடுக்கில் நின்று கிடைக்கவில்லை என்றால், வண்டியைக் கொஞ்சம் மேட்டுக்கு நகர்த்திப் பார்.

என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகிற விசில் கேட்டால் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேள். அப்போதும் இருந்தால் கரண்ட் வழியாக வருகிறது. எர்த்தை மறுபடி பார், டைனமோ என்று நாம் சொல்கிற ஆல்டர்னேட்டரின் டையோடையும் சந்தேகப்படு. போய்விட்டால் ஆன்டெனா வழியாக வருகிறது. பானெட்டையும் சைலன்சர் குழாயையும் பின்னல் எர்த் பட்டையால் பாடியோடு சேர். டீசலில் பிளக் சத்தம் கிடையாது, அந்த மட்டுக்கு உனக்கு நிம்மதி.

முடிந்ததும் ஒரு சோதனை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸிலும் மற்றதை நீளமான வயர் வைத்து செட்டின் பிளஸிலும் பிடி, முழு வாட்டில் பேசு. மீட்டர் காட்டுவதுதான் பிளஸ் வழியில் தொலைகிற வோல்ட். மைனஸுக்கும் இதே மாதிரி பார். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். கூடினால் ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பார், சுடுகிற இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வேறு வண்டிக்கு ஜம்ப் கொடுக்கும்போது செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிவிடு. ஓடுகிற என்ஜினில் பேட்டரியை ஒருபோதும் கழற்றாதே.

வயரும் லக்கும் வாங்கி வை. கிரிம்பிங் கருவி என்னிடம் இருக்கிறது, அதை வாங்கிக் காசைக் கரைக்காதே. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டுக்காரன்