மண்டபத்துக்கு முன்பணம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள ஆலய நிர்வாகக் குழுக்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் வணக்கம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வக்கீல் இல்லை. நம் குடும்பங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னதை மலாயில் திருப்பிச் சொன்னதுதான் என் உத்தியோகம்.

ஒரு நாள் ஓர் அம்மா. இறந்துபோனவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். "பெஞ்சாதி" என்றார். திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த அம்மா பதில் பேசாமல் தாலியை வெளியே எடுத்துக் காட்டினார். சைகை என்றாலும் நான் மொழிபெயர்த்துத்தானே ஆக வேண்டும்? "சாட்சி தாலியைக் காட்டுகிறார்" என்றேன். அதற்குமேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அந்தத் தாலி உங்களைப் போன்ற ஒரு கோயிலில், இருநூறு பேர் முன்னால் கட்டியது.

முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்கான சட்டம் 1976-இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்த திருமணம் பதிவாகியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் "ஐயர் வைத்துச் செய்தாச்சு, ரெஜிஸ்டர் அப்புறம் பார்க்கலாம்" என்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்த 'அப்புறம்' வருவதற்குள் புருஷன் போய்விட்டால், நான் மனைவி என்று நிரூபிக்கவே தனியாக ஒரு வழக்கு. தாய் வெளிநாட்டவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. அப்பா மலேசியர், பிள்ளை பிறந்தது இங்கேயே, ஆனாலும் குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டை (ஐசி) கிடையாது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும்போதுதான் பெற்றவர்களுக்கே விஷயம் புரிகிறது.

இதை ஏன் வக்கீல்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்? வக்கீலிடம் நம் ஆள் போவது சம்மன் வந்த பிறகு. உங்களிடம்தான் முன்கூட்டியே வருகிறான். மண்டபம் பிடிக்க வருகிறான், பிள்ளைக்குப் பெயர் வைக்க வருகிறான், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அர்ச்சனைத் தட்டோடு வருகிறான்.

ஆகவே என் முதல் விண்ணப்பம், மண்டப முன்பணத்துக்கு ரசீது எழுதும் கையோடு, "பதிவு இலாகாவில் கல்யாணப் பதிவுக்கு மனுக் கொடுத்தாச்சா?" என்று கேளுங்கள். மனுக் கொடுத்த பிறகு 21 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேட்டுப் பயனில்லை. உங்கள் நிர்வாகத்தில் துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருந்தால் தாலி கட்டும் இடத்திலேயே பதிவையும் முடித்துவிடலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மேளக்காரர் வந்தாரா என்று பத்து தடவை கேட்கிறோம், இதையும் ஒரு தடவை கேட்கலாம்.

அடுத்தது சாவு வீடு. நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

பிறையில் ஒரு மலிவு விலை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட், அதாவது வீட்டுப் பட்டா, புருஷன் பேரில். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் இருக்கிறார்கள். வீடு எனக்குத்தான் என்று மனைவி நினைக்கிறாள், ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, தாயாருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. அந்தத் தாயாரும் பேர் மாற்றுவதற்கு முன் கண்ணை மூடிவிட்டால், அவருடைய கால் பங்கில் கொழுந்தன், நாத்தனார் எல்லாருக்கும் உரிமை வந்துவிடுகிறது. அதுவரை தாயும் பிள்ளையுமாக இருந்தவர்கள் தீபாவளிக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

உயில் எழுத 18 வயது நிரம்பியிருந்தால் போதும். எழுதுகிறவர் கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் சேர்ந்து இருக்க வேண்டும், அவர்களும் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது, நின்றால் அவருக்கு எழுதியது போய்விடும். மூத்த மகனையே சாட்சியாக நிறுத்தி அவன் பங்கைக் கெடுத்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. உயிலைப் பற்றிப் பேசினாலே சாவை வரவழைப்பதாக நம் வீடுகளில் ஒரு எண்ணம். குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால் அது போய்விடும், நான் சொல்லிப் போகாது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு தாள் கொடுங்கள், தமிழில். கிராண்ட் யார் பேரில் என்று பாருங்கள், இபிஎப் என்கிற சேமநிதிப் பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறார் என்று பாருங்கள், உயில் இல்லையென்றால் நில அலுவலகத்துக்கு எப்போது போவது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றே போதும். தாத்தா பேரிலேயே கிடக்கும் கிராண்டை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்வதை இனியும் பார்க்க வேண்டாம்.

கார் லோனுக்குப் பேர் கொடுப்பது, ஜாமீன் போடுவது பற்றி நிறையச் சொல்லலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை அமைப்பில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது அது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

ஒன்றில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னியுங்கள். அடி வாங்கிய பெண் கோயிலுக்கு வந்து அழுதால் "அனுசரித்துப் போம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். வாய்ச்சண்டைக்கு நீங்கள் நாட்டாமை செய்யலாம், இதற்குக் கூடாது. சமூகநல அதிகாரி 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க முடியும். 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணை அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு பெண்ணுக்காவது அது உதவும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் எத்தனை தண்ணீர்ப் பந்தல்! மோர் ஊற்றுகிற ஒரு பந்தலில் ஒரு மேசை, இரண்டு இளம் வக்கீல்கள். கூப்பிட்டால் வருவார்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் தொண்டு செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். விண்ணப்பப் பாரம் நிரப்ப நான் வருகிறேன். மலாய் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம். மடப்பள்ளிப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, காற்றாடி ஒன்று வைத்துக்கொடுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே புழுக்கம் தாங்காது.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து,
முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்