மாரி ஈரத்தில் கெட்ட சணல் விதை

ஆசிரியர் அவர்களுக்கு,

நெல் வெட்டியதும் வயலில் சணல் விதைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். மாட்டுக்குத் தீன், மடக்கி உழுதால் மண்ணுக்குப் பசளை. இந்த மாசியில் நானும் நான்கு பரப்பில் விதைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அங்கொன்று இங்கொன்றாக முளை, இடையெல்லாம் கோரை. மண் காய்ந்துவிட்டது, எறும்பு கொண்டுபோய்விட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. மிச்சம் கிடந்த விதையில் நூறை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்தேன், ஐந்தாம் நாள் விரித்துப் பார்த்தால் முளைத்தது 38. மற்றதில் பாதி ஊதிப்போய் தொட்டாலே கொழகொழத்தது, சிலவற்றில் வேர் நுனி வெளியே வந்த கையோடு கருகி நின்றது.

விதை வாங்கிய கடைக்குத் திரும்பப் போனேன். மூட்டை வெறும் சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டி, பக்கத்தில் யூரியா பை, மேலே தகரக் கூரை. உள்ளே கையை விட்டால் அடிப்பக்கத்து விதை கட்டிபட்டுக் கிடந்தது, ஒரே பூஞ்சண மணம்.

சணல் விதை எடுப்பது கோடையில், காய் கலகலக்கும்போது. விதைப்பது மாசியில். அப்படியென்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மாரி முழுவதும் அந்த விதை ஏதோ ஒரு மூலையில் கிடந்துதான் வயலுக்கு வருகிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை விதை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏறினால் சூடும் சேர்ந்து உள்ளே இருக்கும் சத்தை அதுவே கரைத்துவிடும். விதையின் ஈரப்பதன் 1 வீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே என்பது விதைக்காரரிடம் உள்ள பழைய கணக்கு. இன்னொரு கணக்கு, வெப்பத்தைப் பரனைற்றிலும் காற்றின் ஈரப்பதனை வீதத்திலும் எடுத்துக் கூட்டினால் 100ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் மாரியில் 80உம் 80உம் சேர்ந்து 160 வந்துவிடும்!

குளிர் அறை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, சரி. ஆனால் மூட்டைக்கு அடியில் ஒரு பலகை போடலாம், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைக்கலாம், பசளையை வேறு அறைக்கு மாற்றலாம். வீட்டில் வைப்பவர்கள் பல்லில் கடித்தால் டக்கென்று உடையும்வரை காயவிட்டு, சூடு ஆறியபிறகு இறுக்கமான மூடியுள்ள வாளியில் போடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை இறுக மூடினால் திறந்து வைத்ததைவிட மோசம், உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். என் அம்மா பயற்றைச் சாம்பலோடு பானையில் போட்டு அடுப்படியில் வைத்தது சும்மா இல்லை.

அத்தாட்சிப்படுத்திய விதைநெல்லுக்கு அட்டை கட்டி வருகிறது. சணல் விதைக்கு எடுத்த மாதமும் முளைதிறனும் எழுதி ஒரு துண்டு ஒட்டுவதற்கு விற்பவர்களுக்கு என்ன கஷ்டம்? வருகிற தைக்குள் கமநல சேவை நிலையங்கள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவரை யாரும் நூறு விதையை ஈரச்சாக்கில் போட்டுப் பார்க்காமல் வயலில் வீச வேண்டாம், ஐந்து நாள்தான்.

ஒரு கமக்காரன்,
நீர்வேலி