லெனேசியா மருந்துக்கடையை வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் மெசேஜைப் பார்த்ததும் போன் பண்ணத்தான் நினைத்தேன், ஆனால் இது போனில் பேசி முடிகிற விஷயமில்லை. இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. பெரியவள் இந்த வருஷம் மெட்ரிக் எழுதுகிறாள், ஃபார்மசி படிக்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள், சரி, அவள் இஷ்டம்.

ஓய்வு பெறப்போகிற அந்த அங்கிள் உனக்கே கடையைத் தருகிறேன் என்கிறார், மால் ஃபார்மசி வேலையை விட்டுவிட்டு வாங்கலாமா என்கிறாய். வாங்கு என்பதுதான் என் பதில், ஆனால் ஒரு விஷயத்தைச் சரிபார்த்த பிறகு.

பெரிய கடைகளோடு விலையில் போட்டி போட முடியாதே என்று பயப்படுகிறாய். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கிற ஸ்கிரிப்ட் மருந்தைப் பொறுத்தவரை அந்தப் பயத்தை விடு. நம் தென்னாப்பிரிக்காவில் 2004ல் சிங்கிள் எக்ஸிட் பிரைஸ் என்ற ஒரே விலைச் சட்டம் வந்த பிறகு கம்பெனி ஒரு மருந்துக்கு வைக்கிற விலை எனக்கும் அதேதான், நாடெங்கும் கிளை வைத்திருப்பவர்களுக்கும் அதேதான், மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. நமக்கு நிற்பது மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கான டிஸ்பென்சிங் ஃபீ, அதற்கும் அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலில் வைத்த ஃபீயை எதிர்த்து நம் ஃபார்மசிஸ்ட் சங்கமும் நியூ கிளிக்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனியும் ஒரே பக்கம் நின்று வழக்காடி, 2005ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஃபீ பொருத்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் வெஸ்ட்வில் யூனிவர்சிட்டியில் படித்து முடித்து வேலைக்குப் போன புதுசு. ஷாம்பு, நாப்கின், சென்ட் இதிலெல்லாம் அவர்களை ஜெயிக்க முடியாது, அந்த அலமாரிகளைச் சின்னதாக வைத்துக்கொண்டால் போதும்.

பயப்பட வேண்டியது மெடிக்கல் எய்டுக்கு, அதுதான் மருத்துவச் செலவைக் கட்டுகிற இன்ஷூரன்ஸ் மாதிரியான ஸ்கீம்களுக்கு. சர்க்கரை, பிரஷர் என்று மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்களைச் சில ஸ்கீம்கள் குறிப்பிட்ட கடைகளுக்குத்தான் அனுப்புகின்றன, வேறு கடையில் வாங்கினால் மீதியை அவர்களே கையிலிருந்து கட்ட வேண்டும். அப்பா காலத்திலிருந்து என்னிடம் வருகிற குடும்பமே போன வருஷம் அப்படிப் போய்விட்டது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஸ்கீம் சொல்கிற ஃபீக்கு ஒத்துக்கொண்டால் சின்னக் கடையையும் சேர்த்துக்கொள்கிற இடங்கள் உண்டு, ஒரு ஸ்கிரிப்டில் நிற்பது குறையும், ஆனால் ஆள் நம்மிடமே இருப்பார். நான் அப்படித்தான் சமாளிக்கிறேன்.

உடம்பும் அலுத்துப்போகும், அதை மறைக்க மாட்டேன். ஃபார்மசிஸ்ட் இல்லாமல் டிஸ்பென்சரி நடத்த முடியாது, எனக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குப் பதிலாக நிற்க ஒரு லோக்கம் ஃபார்மசிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும், அன்றைய வருமானம் அவருக்கே போய்விடும். கரண்ட் போனால் ராத்திரியென்றும் பாராமல் இன்சுலின் ஃப்ரிட்ஜ் எட்டு டிகிரியைத் தாண்டாமல் நானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் 2021 ஜூலையில் கடைகளைச் சூறையாடிய அந்த வாரம் எங்கள் தெருப் பசங்கள்தான் ராத்திரி பகலாக என் கடை வாசலில் காவல் நின்றார்கள்.

ஏன் வாங்கு என்கிறேன் தெரியுமா? போன மாதம் ஒரு ஆயா கால் வீக்கத்துக்கு ஏதாவது தைலம் கொடு என்று வந்தார். செருப்பு வார் காலில் பதிந்து பள்ளமாக இருந்தது. வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் கொண்டுவாருங்கள் என்றேன், ஒரு ரொட்டிப் பை நிறைய கொண்டுவந்து கவுண்டரில் கொட்டினார். அரசு ஆஸ்பத்திரியில் பிரஷருக்குக் கொடுத்த அம்லோடிபின் ஒரு பெட்டியில், தனியார் டாக்டர் எழுதிய அதே அம்லோடிபின் வேறு பிராண்ட் பெயரில் இன்னொரு பெட்டியில், இரண்டையும் தினமும் சாப்பிட்டிருக்கிறார். அந்த மருந்து அதிகமானால் கால் வீங்கும் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கு போன் போட்டு, அவர் சொன்னபடி ஒன்றை நிறுத்தி, பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். தைலம்கூட விற்கவில்லை. நீ வேலை செய்கிற இடத்தில் இவ்வளவு நேரம் ஒருவரோடு பேசினால் மேனேஜர் வரிசையைக் காட்டி முறைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் போல பொறுமையாகப் பேசுகிற ஃபார்மசிஸ்ட்டை நம் வகுப்பில் நான் பார்த்ததில்லை, அதை அவர்கள் வீணாக்குகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதனால் ஒன்று செய். கையெழுத்துப் போடும் முன் அங்கிளிடம் போன வருஷத்து ஸ்கிரிப்ட் கணக்கைக் கேள், மெடிக்கல் எய்ட் வாரியாகப் பிரித்துக் கேள், ரொக்கமாகக் கட்டுகிறவர்கள் எவ்வளவு என்று தனியாகப் பார். பாதிக்கு மேல் ஒரே ஸ்கீமிலிருந்து வந்தால் விலையைக் குறைக்கச் சொல், இல்லையென்றால் விட்டுவிடு. பக்கத்தில் இருக்கிற டாக்டர் எத்தனை வருஷம் இன்னும் உட்காருவார் என்பதையும் மெதுவாக விசாரி. கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்