எச்சரிக்கை ஏன் வந்தது என்று எழுதிக் கொடுங்கள்

விருதுநகர்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: மின்சாரக் காரில் காரணம் சொல்லப்படாத சர்வீஸ் எச்சரிக்கை

ஐயா,

உங்கள் காரை வாங்கி 14 மாதம் ஆகிறது, 21,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓட்ட அருமையான வண்டி. அது காட்டிய எச்சரிக்கைக்கு உங்கள் சர்வீஸ் சென்டர் காரணம் சொல்ல மறுப்பதுதான் என் புகார்.

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். கோவில்பட்டி தாண்டி, சாத்தூர் வருவதற்கு முன்பு, திரையில் மஞ்சள் விளக்கோடு 'சர்வீஸ் சென்டரை அணுகவும்' என்று வந்தது. பேட்டரியா, மோட்டாரா, பிரேக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. சார்ஜ் 64 சதவீதம் இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் 50-ஐத் தாண்டவில்லை. நான்குவழிச் சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி போயின. வீடு வந்து சேரும்வரை அம்மா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

மறுநாள் மதுரையில் உங்கள் ஆட்கள் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார்கள். "சாஃப்ட்வேர்தான் சார், ரீசெட் பண்ணிட்டோம்" என்றார்கள். ஜாப் கார்டில் 'சோதித்தோம், சரியாக உள்ளது' என்று ஒரே வரி. ஒன்பது நாளில் அதே விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பவும் அதே ரீசெட், அதே வரி.

அப்புறம் ஒரு காலையில் வண்டி எழவே இல்லை. சாவியை அழுத்தினால் கதவுகூடத் திறக்கவில்லை. முந்தின இரவுதான் முழுக்கச் சார்ஜ் போட்டிருந்தேன். தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்தார். 11.7 காட்டியது. "நல்ல பேட்டரின்னா 12.6 இருக்கணும்ணே" என்றார். காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்களை இயக்குவதும் இந்தச் சின்ன பேட்டரிதான். அது படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை.

ஆனால் என் வண்டியில் விளக்கு எரிந்தது ஓடிக்கொண்டிருக்கும்போது. அப்போது பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க வேண்டியது டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற கருவி. கோளாறு அதிலா, பேட்டரியிலா, வேறெங்காவதா? அதைச் சொல்லியிருக்க வேண்டியது வண்டியில் பதிவான கோளாறுக் குறியீடு. அதை அழித்துவிட்டு, என்ன குறியீடு என்றுகூட எழுதித் தராமல் அனுப்பிவிட்டார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் நான், ஓட்டுபவனும் நான்.

இரண்டு முறையும் உங்கள் லேப்டாப்பில் வந்த குறியீடுகளையும் அவற்றின் பொருளையும் எழுத்தில் தாருங்கள். 12 வோல்ட் பேட்டரியையும் கன்வெர்ட்டரையும் வாரண்டியிலேயே சோதித்து, அளவுகளை ஜாப் கார்டில் குறியுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

வருகிற மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு மதுரை கூட்டிப் போக வேண்டும். அதற்குள் எனக்குப் பதில் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: இரண்டு ஜாப் கார்டு நகல்கள், திரையின் படம், மீட்டர் அளவின் படம்