தானம் வந்த மாடும் விலைக்கு வாங்கும் மாடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான பழைய கார்கள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் ஆசையாகப் படித்தேன். இரண்டாம் தரம் படித்தபோது கோபம் வந்துவிட்டது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். படத்துக்குக் கீழே ‘1961ஆம் ஆண்டு ஜாகுவார் இ-டைப்’ என்று போட்டிருக்கிறீர்கள். படத்தில் இருக்கும் வண்டி 1961 அல்ல. ஜெனீவா கார் கண்காட்சியில் 1961இல் அறிமுகமான வண்டியின் முன்விளக்குகள் கண்ணாடி மூடிக்குள் இருக்கும். உங்கள் படத்தில் விளக்குகள் திறந்து கிடக்கின்றன, முன்வாய் அகலமாக இருக்கிறது, பம்பருக்கு அடியில் பெரிய இண்டிகேட்டர் தொங்குகிறது. அது 1968க்குப் பிறகு வந்த இரண்டாம் வரிசை வண்டி. ரசித்துப் பார்ப்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வாங்கப்போகிறவருக்கு இது பெரிய விஷயம். நான் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

பழைய கார் ரசிகர்கள் இரட்டை நாக்குக்காரர்கள் என்கிறது கட்டுரை. கண்காட்சியில் ‘ஆகா’ என்று வாய் பிளந்தவரே, அந்த வண்டி விற்பனைக்கு என்று தெரிந்ததும் குனிந்து நிமிர்ந்து ஆயிரம் நொட்டை சொல்கிறாராம். மனசுக்குப் பிடித்ததை வாங்குங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு அறிவுரை வேறு. முப்பத்தொரு வருஷம் டிங்கரிங் வேலை பார்த்தவன் நான். பழைய காரில் எதுவும் தானாகச் சரியானதை நான் பார்த்ததில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கண்காட்சியில் நிற்கும் கார் நமக்கு அப்படிப்பட்ட மாடு. யாரோ செலவழித்து, யாரோ இரவெல்லாம் துடைத்து, நம் கண்ணுக்குச் சும்மா விருந்து வைத்திருக்கிறார். அங்கே போய் அடியில் படுத்துத் துருவைத் தேடினால் அதற்குப் பெயர் அறிவு இல்லை, அற்பத்தனம். ஆனால் காசு கொடுத்து வாங்கப்போகும் மாட்டின் பல்லைப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்வது? நானே அப்படி ஒருமுறை ஓட்டிக்கொண்டு வந்தவன் என்பதால்தான் கேட்கிறேன்.

என் முதல் பழைய கார் சிவப்பு நிற எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மேல்மூடி இல்லாதது. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி, அபூர்வம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த குரோம் பம்பரும், ஸ்போக் சக்கரமும், இருக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு ஆறு-வோல்ட் பேட்டரிகளும்! இரட்டை பேட்டரியைக் காட்டியதும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். மாலை வெயிலில் நிறுத்திவைத்திருந்தார் விற்றவர். மாலை வெயில் எந்தக் காரையும் பத்து வயது குறைத்துக் காட்டும் என்பது பிறகுதான் புரிந்தது. நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. ‘உங்களுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சேன்’ என்றார். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது தெரியும் கோளாறைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும். நான் அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் டயர் மாற்ற ஜாக் வைத்துத் தூக்கினேன். கதவு இறுகிக்கொண்டது. இறக்கினேன், திறந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறுகியது. டிங்கரிங் தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எம்ஜிபிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. கூரையும் இல்லாத வண்டியில் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது இரண்டு கதவுகளுக்கும் அடியில் ஓடும் இரும்புப் பெட்டிதான், சில் என்று சொல்வோம். அது உளுத்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு இடைவெளி சுருங்கும். கிரைண்டர் வைத்துத் தேய்த்தேன். பெயின்ட், அதன் கீழே பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), பட்டிக்குக் கீழே இன்னும் பட்டி, அதற்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். (உங்கள் நாளிதழ் அல்ல, பயப்பட வேண்டாம்.)

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: அந்தப் பட்டி வேலையை ஊரார் வண்டியில் நானே நூறு தரம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாமல் விழும். அன்றைக்கும் அது பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவ்வளவு அழகான ஒன்றில் காந்தம் வைப்பது அவமானப்படுத்துவது போல இருந்தது.

இந்த இரண்டு பார்வைகளைக் கட்டுரையாளர் தாராளம், கறார் என்று மட்டும் பிரித்துவிட்டார். என் அனுபவம் வேறு. வாங்கும்போது மதிப்பெண் குறைவதோடு நிற்பதில்லை, வரிசையே தலைகீழாகிறது. கண்ணாடிபோல மினுங்கும் புது பெயின்ட்டைக் கண்காட்சியில் பார்த்தால் கை தட்டுவேன். விற்பனைக்கு வந்த வண்டியில் அதே மினுக்கைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். எதை மூடப் பூசினார்கள்? எப்போது பூசினார்கள், போன மாதமா? அந்தப் பக்கம் வெளிறிப்போய், கதவு ஓரத்தில் பழைய நிறம் தேய்ந்து இரும்பு எட்டிப்பார்க்கும் வண்டி ஒன்று நிற்கும். கண்காட்சியில் அதைக் கடந்து போய்விடுவோம். வாங்க வந்தவன் முதலில் அதனிடம்தான் போக வேண்டும், ஏனென்றால் அது எதையும் மறைக்கவில்லை.

அபூர்வம் என்பதும் அப்படித்தான். சிட்ரோயன் எஸ்எம் என்று ஒரு கார், 1970 முதல் 1975 வரை மொத்தமே 12,920 வண்டிகள். மாசெராட்டியின் வி6 இன்ஜின், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஆறு விளக்குகள், ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள் விளக்குகளும் கூடவே திரும்பும். அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்பேன். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் ஒருநாள் ஓடிவந்தான்: ‘அண்ணே, ஒரு எஸ்எம் வருது, வாங்கிடட்டுமா? இந்த மாதிரி இன்னொன்னு கிடைக்காதுண்ணே!’ நான் கேட்டேன்: ‘வண்டி கிடைக்காதுங்கறது இருக்கட்டும்டா, அதுக்கு சாமான் கிடைக்குமா?’ முகம் வாடிவிட்டது. எத்தனை குறைவாகச் செய்தார்களோ அத்தனை பெருமை என்று ரசிகன் எண்ணுகிறான். வாங்குகிறவனுக்கு அதே எண்ணிக்கை, உதிரிபாகம் தேடி அலையப்போகும் வருஷங்களின் கணக்கு. எம்ஜிபியைக் கண்காட்சியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதற்கு முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள், 1988 முதல்! என் சிவப்பு வண்டியைக் காப்பாற்றியது அதன் சாதாரணத்தனம்தான்.

மெர்சிடிஸ் டபிள்யூ123ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் வந்தது, கிட்டத்தட்ட 27 லட்சம் செய்தார்கள். கண்காட்சியில் அதன் பக்கத்தில் நின்று யாராவது படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தில் 1954இல் வந்த 300 எஸ்எல் இறக்கைபோல் கதவைத் தூக்கி நிற்கும், கூட்டமெல்லாம் அங்கேதான். 1,400 கூபேதான் செய்தார்கள். பார்க்கப் பார்க்கத் தீராத வண்டி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதன் ஜன்னல் கண்ணாடி இறங்காது. கழற்றித்தான் வைக்க வேண்டும். ரசிகனிடம் சொன்னால் ‘அதுவும் ஒரு அழகுதானே’ என்பான். கொளுத்தும் வெயிலில் உள்ளே உட்கார்ந்து போக வேண்டியவனிடமும் அதையே சொல்லிப்பாருங்கள்.

சிட்ரோயன் டிஎஸ் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசு வராது. 1955 பாரிஸ் கண்காட்சியில் முதல் நாளே 12,000 பேர் பதிவு செய்தார்கள் என்பது பிரசித்தம். சுருள் ஸ்பிரிங் இல்லாமல், எண்ணெயும் வாயுவும் தாங்கும் சஸ்பென்ஷன். இன்ஜின் ஓடத் தொடங்கினால் படுத்திருக்கும் மாடு எழுவதுபோல் வண்டி எழும். நான் அதைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் வாய் திறந்தபடி நிற்கிறேன், இத்தனை வயதுக்குப் பிறகும். ஆனால் அந்த 12,000 பேரும் ரசிகனின் கண்ணால் வாங்கியவர்கள். ஓட்டிப் பார்த்து வாங்கியவர்கள் அல்ல. ஆரம்பகால வண்டிகளின் ஹைட்ராலிக் குழாய்கள் அவர்களை நன்றாகவே சோதித்தன. இன்றைக்கு டிஎஸ் வாங்கப் போகிறவர் வண்டி எழுவதைப் பார்க்க வேண்டாம், பானட்டைத் திறந்து உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் எண்ணெயின் நிறத்தைப் பார்க்கட்டும். அறுபதுகளின் நடுவில் சிவப்பு எண்ணெயிலிருந்து பச்சை எண்ணெய்க்கு மாறினார்கள். சிவப்புக்கான வண்டியில் பச்சையோ, பச்சைக்கான வண்டியில் சிவப்போ ஊற்றிவிட்டால் ரப்பர் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும். அப்புறம் எழுந்த வண்டி படுத்தால் படுத்ததுதான்.

இ-டைப்புக்கே திரும்பி வருகிறேன். கண்ணாடி மூடிய விளக்குள்ள ஆரம்பகால 3.8 லிட்டர் வண்டிதான் உலகத்திலேயே அழகானது என்று யார் சொன்னாலும் தலையாட்டுவேன். வாங்கச் சொன்னால்? அந்த 3.8 லிட்டர் வண்டியின் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் பற்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது, உறுமிக்கொண்டுதான் விழும். 1964 கடைசியில் வந்த 4.2 லிட்டரில் எல்லா முன் கியருக்கும் சின்க்ரோ உண்டு. அதை வாங்குவேன். அதிலும் பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை) ஒட்டி இருக்கின்றன. டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் பின்பக்கக் கூட்டையே கழற்றி இறக்க வேண்டியிருக்கும். அழகான யோசனை என்று ரசிகன் சொல்வான். சொல்லட்டும், ஸ்பேனர் பிடிப்பது அவன் இல்லையே.

கட்டுரையாளர் தொடாத மூன்றாவது பார்வை ஒன்று உண்டு, விற்பவனுடையது. வாங்கும்போது ஒவ்வொரு துருப் புள்ளிக்கும் விலை குறைத்தவர், அதே வண்டியை விற்கும்போது கண்காட்சி ரசிகராகிவிடுகிறார். எண்ணெய் சொட்டினால் ‘பழைய இங்கிலீஷ் கார்னா சொட்டத்தான் செய்யும்’ என்கிறார். கிழிந்த இருக்கைக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர். டயரின் பட்டன் இன்னும் ஆழமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவார். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் அடித்திருப்பார்கள், 2305 என்றால் 2005ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதைக் காட்ட மாட்டார். இரட்டை நாக்கு என்று கட்டுரையாளர் யாரையாவது திட்டியே ஆக வேண்டுமென்றால் இவரைத் திட்டட்டும், நான் கூடவே நிற்கிறேன்.

வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு உருப்படியாக ஒன்றிரண்டு எழுதியிருக்கலாம். முதல் தரம் போகும்போது மழை நாளில் போங்கள், ஈரக் கார்பெட்டின் வாடை பொய் சொல்லாது. ‘நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள், போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கூட வருபவருக்கு அந்தக் காரைப் பிடிக்காமல் இருப்பது நல்லது. நான் இப்போதெல்லாம் என் மனைவியை அழைத்துப் போகிறேன். கார் என்றாலே அவளுக்கு அலுப்பு. போன தடவை ஒரு வண்டியை ஒரே சுற்று சுற்றிவந்து, ‘இந்தக் கதவு அந்தக் கதவு மாதிரி இல்லையே’ என்றாள். பக்கவாட்டில் அடிபட்டு வேறு வண்டியின் கதவு மாட்டியிருந்தார்கள். இரண்டு முறை பார்த்தும் என் கண்ணுக்குத் தெரியாமல் போன கதவு அது.

சிவப்பு எம்ஜிபி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு சில்லும் வெட்டியெடுத்துப் புதிதாக வெல்டிங் செய்ய ஒன்றரை வருஷம் ஆனது. இடது மட்கார்டின் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் பட்டி இருக்கிறது, போட்டது நான்தான். கியர்பாக்ஸ் இரண்டாவது கியரில் முனகுகிறது.

படக் குறிப்பை அடுத்த இணைப்பில் திருத்திவிடுங்கள். கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். அந்த வண்டியை என்றைக்காவது நான் விற்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கரிங் தொழிலாளி ஒருவர்