கேள்வித்தாளை வைத்து ஆளை எடைபோடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க, 'உங்கள் பக்கத்தில் இருப்பவர் ஆபத்தானவரா?' என்று பன்னிரண்டு கேள்வி போட்டிருந்தீர்கள். ஆம் என்றால் ஒரு மார்க், எட்டைத் தாண்டினால் அவர் சைக்கோபாத்தாக, அதாவது இரக்கமே இல்லாத ஆளாக இருக்கலாம், விலகி இருங்கள் என்று கீழே கட்டம் கட்டி எழுதியிருந்தது. அந்தப் பக்கம் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற வழியில், ரப்பர் விளைகளுக்கு நடுவில். அன்று கோவில் கொடைக்காகச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து பெரியவர்கள் சாய்ந்திருந்த நேரத்தில் பிள்ளைகள் வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து உங்கள் பேப்பரை விரித்துவைத்து, ஒருத்தி கேள்வி வாசிக்க மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் தம்பி மகனுக்கு 14 வயது. பேச்சு குறைவு, முகம் பார்த்துப் பேச மாட்டான், ஆள்கூட்டம் வந்தால் பின்பக்கம் ரப்பர் ஷீட் காயப்போடுகிற இடத்துக்குப் போய்விடுவான். அன்று என்னவோ அவனும் வந்து உட்கார்ந்தான். ஒருவர் அழுதால் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பீர்களா? ஆம். சாவு வீட்டில் உங்களுக்கு அழுகை வருவதில்லையா? ஆம். நண்பர்கள் இல்லாமலும் உங்களால் இருக்க முடியுமா? ஆம். மற்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு போக, இவன் ஒவ்வொன்றையும் யோசித்து உள்ளதைச் சொன்னான். ஒன்பது மார்க். "இவன் சைக்கோவாக்கும்!" என்று ஒருத்தன் சத்தம் போட்டான், எல்லோரும் சிரித்தார்கள், சாயங்காலத்துக்குள் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. இப்போது வகுப்பில் அவனுக்கு அதுதான் பெயர்.

இவன் எப்படிப்பட்ட பிள்ளை என்று எனக்குத் தெரியும். போன வருடம் கல் ஏற்றிக்கொண்டு போகிற டாரஸ் லாரி ஒன்று எங்கள் நாயை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நாங்கள் எல்லோரும் ஐயோ என்று ஒரு நேரம் அழுதுவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். இவன் அழவே இல்லை. சிரட்டையில் தண்ணீர் எடுத்துவந்து, தன் தோர்த்துத் துண்டின் நுனியை நனைத்து நாயின் வாயில் வைத்துப் பிழிந்துகொண்டு விடிய விடிய அதன் பக்கத்திலேயே இருந்தான், கொசு கடித்துக் கால் முழுக்கத் தடித்திருந்தது. விடியற்காலையில் நாய் செத்தது. பிலா மரத்து மூட்டில் தானே குழிவெட்டி மூடிவிட்டு, கை கழுவிவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிக்கூடம் போனான்.

இப்போது இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் ரப்பர் மரங்கள் எப்படி விழுந்தன என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூரை மேலேயே இரண்டு மரம். கரண்டு இல்லை, போன் இல்லை, வழி முழுக்க மரம். மூன்றாம் நாள் ஒருத்தர் வாள்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து மரத்தை முறித்து இறக்கித் தந்தார், மெழுகுவர்த்தியும் குடிதண்ணீரும் கொண்டுவந்தார், காசு நீட்டினால் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். எங்களுக்கு மட்டுமில்லை, அந்த வழியில் உள்ள வீட்டுக்கெல்லாம் அப்படித்தான். அடுத்த சித்திரையில் அவர் ஏலச்சீட்டு தொடங்கினார்: 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம். நான் இரண்டு சீட்டு போட்டேன். பதிவு நம்பர் உண்டா தம்பி என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் முகம் வாடிப்போனது. "அன்னைக்கு மரம் முறிக்க வந்தப்போ யாரும் நம்பர் கேக்கல்லியே அக்கா" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பதினைந்தாம் மாதம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆள் போய்விட்டார். கழிவு போக எங்களுக்குப் போனது ஒன்றேகால் லட்சம். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்ட ஒரு விதவை அக்காவுக்கு அதைவிட அதிகம்.

உங்கள் பன்னிரண்டு கேள்வியை அன்று அவருக்குப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு மார்க்குகூட வந்திருக்காது. சாவு வீட்டில் முதல் ஆளாக நின்று அழுதவர் அவர்.

என் மகள் நாகர்கோவிலில் மனநலப் படிப்பு படிக்கிறாள். பணம் போன பிறகு, நான் எப்படி ஏமாந்தேன் என்று எனக்கே புரிய வேண்டும் என்ற வெறியில் அவள் புத்தகங்களை வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை. அதில் எனக்குப் பெரிய வெளிச்சமாக வந்தது ஒன்றே ஒன்று. அடுத்தவர் மனம் என்ன நினைக்கிறது என்று அறிவது வேறு, அவர் வேதனை நமக்கும் வலிப்பது வேறு. இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் எழுதியிருந்த சைக்கோபதி மாதிரியான கெட்ட குணங்கள் அதிகம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் முதலாவது நன்றாகவே இருக்கும், குறைவாக இருப்பது இரண்டாவதுதான் என்கிறார்கள். எங்கள் சீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் எது வலிக்கும் என்று துல்லியமாக அறிந்திருந்தார், அதனால்தானே எனக்கு அந்த மரத்தை நினைவுபடுத்தினார். ஆட்டிசம் உள்ள பலருக்கோ இது தலைகீழ், எதிரில் இருப்பவர் மனதைப் படிப்பது சிரமம், ஆனால் அவர் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்தால் அது இவர்களையும் வாட்டும். என் தம்பி மகனுக்கு ஆட்டிசமா வேறு எதுவுமா என்று நான் சொல்ல வரவில்லை, அது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. ஆனால் இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாத ஒரு கேள்வித்தாள் யாரைப் பிடிக்கும், யாரை விடும் என்று எங்கள் வராந்தாவிலேயே பார்த்துவிட்டேன்.

அப்புறம், நீங்கள் எழுதியிருந்த 'டார்க் ட்ரையட்' பற்றி. நார்சிசம், மாக்கியவெல்லியனிசம், சைக்கோபதி என்ற மூன்றையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தது 2002-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டெல்ராய் பால்ஹஸ், கெவின் வில்லியம்ஸ் என்ற இரண்டு பேர். நான்தான் பெரியவன் என்ற எண்ணம், காரியத்துக்காக ஆளை வளைத்துப் போடும் தந்திரம், இரக்கமும் பயமும் இல்லாத துணிச்சல், சுருக்கமாகச் சொன்னால் இதுதான் மூன்றும். உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது, அவர்கள் யாரை வைத்து ஆராய்ந்தார்கள் என்பது. கைதிகளையோ நோயாளிகளையோ அல்ல, 245 சாதாரணக் கல்லூரி மாணவர்களை. அதாவது இவை உயரம் மாதிரி, எல்லோரிடமும் கூடவோ குறையவோ இருக்கிற குணங்கள். எனக்கும் கொஞ்சம் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். இத்தனை மார்க் வந்தால் இவன் மனிதன், அதற்கு மேல் போனால் மிருகம் என்று கோடு கிழிக்க அவர்கள் அதைச் செய்யவில்லை.

பன்னிரண்டு கேள்விக் கேள்வித்தாள் ஒன்று 2010-இல் உண்மையாகவே வந்திருக்கிறது, பீட்டர் ஜோனசன், கிரிகரி வெப்ஸ்டர் என்ற இருவர் செய்தது. அது ஆராய்ச்சியில் பெரிய கூட்டத்திடம் சீக்கிரம் கேட்டு முடிப்பதற்காக. அதையே இவ்வளவு சுருக்கினால் பாதி விஷயம் விட்டுப்போகும் என்று மற்ற ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். சைக்கோபதியை உண்மையிலேயே மதிப்பிடக் கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய முறையில் 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2, மொத்தம் 40. இதைப் போடுவது பயிற்சி பெற்ற ஒருவர், நேரில் நீண்ட நேரம் பேசி, அந்த ஆளின் பழைய ஆவணங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு. ஆவணம் எதற்கு? அந்த ஆளின் வாய்ப்பேச்சை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான். இந்த விஷயத்தைப் பற்றி 1941-இலேயே எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி, முகமூடி என்ற சொல்லைத் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே வைத்திருக்கிறார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் சைக்கோபதி என்று தனியாக ஒரு நோயே கிடையாது, அதற்குப் பக்கத்தில் வருகிற சமூக விரோத ஆளுமைக் கோளாறையும் 18 வயது ஆகாத ஒருவருக்குச் சொல்லவே கூடாது. பெரிய மருத்துவரே 14 வயதுப் பிள்ளைக்கு வைக்கக்கூடாத பெயரை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் பேப்பரைப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

அதற்காக இதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்கிறேனா, இல்லை. எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் ஆள் என்ன வகை என்று கேட்பதை விட்டுவிட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். 2018-இல் மோஷாகன், ஹில்பிக், செட்லர் என்ற மூவர் இப்படிப்பட்ட ஒன்பது குணங்களை எடுத்து, எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். அடுத்தவருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் சரி, என் லாபம்தான் முக்கியம் என்பது ஒன்று, அதைச் சரி என்று காட்ட ஒரு நியாயத்தைக் கையில் வைத்திருப்பது இன்னொன்று. அந்த இரண்டாவதை மகள் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடிப்போன பிறகு அந்தச் சீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. "எனக்குத் தர வேண்டியவன் தரல்ல, நான் எங்க போவேன் அண்ணாச்சி, உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சிருக்கேன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கடைசியில் அவரைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனை வைத்தார்.

அவர் சைக்கோபாத்தா, நார்சிசிஸ்டா, எனக்குத் தெரியாது, அதைச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை, தெரிந்து ஆகப்போவதும் இல்லை. நான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டியது வேறு. நியாயமான ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை, என்னைக் குற்றவாளி ஆக்கினார். அது ஒன்று போதுமானதாக இருந்தது. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகும் அவர் எடுக்கக்கூடிய கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. நேர்மையான ஆளிடம் கேட்டால் காகிதத்தை எடுத்துக் காட்டுவார், இரண்டு நிமிட வேலை. பணம் விஷயம்தான் என்றில்லை, கல்யாணப் பேச்சிலும் வேலை இடத்திலும்கூட ஒருவரிடம் சின்னதாக ஒரு 'முடியாது' சொல்லிப் பாருங்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு எழுதுங்கள். அதற்கு அவர் என்ன செய்கிறார், கோபப்படுகிறாரா, அழுகிறாரா, பழைய உதவியைச் சொல்லிக் காட்டுகிறாரா, இல்லை சரி என்று விடுகிறாரா, இதைப் பார்க்க மார்க் வேண்டாம்.

ஏமாந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். என் வீட்டுக்காரர் ஆறு மாதம் ஜங்ஷன் டீக்கடைக்குப் போகவில்லை, நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. தூக்கமும் போனது. இப்படி உள்ளே வைத்துப் புழுங்குகிறவர்கள் பேசுவதற்கு 14416 என்று அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவச எண் இருக்கிறது, 2022-இலிருந்து நடக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்தக் கட்டத்துக்குள் இந்த எண்ணைப் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கேள்விகள் யாரையும் மதிப்பிடுவதற்கு உரியவை அல்ல, அதை வைத்து யாருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, பெயர் வைக்கக்கூடாது என்று அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் போடுங்கள். உள்ளே எங்காவது மூலையில் சின்னதாகப் போட வேண்டாம். எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்து விழுந்ததும் முதலில் எடுத்து விரிப்பவன் என் தம்பி மகன்தான். இந்த இரண்டு வாரமும் அவன்தான் எடுக்கிறான், ஞாயிறு இணைப்பை மட்டும் பிரிக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்